அல்கார்வில் படகு கட்ட ஓர் இடம்: தென் போர்ச்சுகலின் மெரினாக்கள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையான சாவ் விசென்ட் முனையைச் சுற்றி வரும் பாய்மரப் படகுக்கு அங்கே கடலே வேறாகிவிடுகிறது. போர்ச்சுகலின் மேற்குக் கரை நெடுக, கோடையில் பிற்பகல்தோறும் வலுக்கும் ‘நோர்த்தாடா’ என்ற வடகாற்றும் அட்லாண்டிக்கின் நீண்ட அலைகளும் படகைப் பின்னிருந்து தள்ளிக்கொண்டே வருகின்றன. முனையைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் அலை அடங்கி, நிலத்தின் மறைவில் கடல் தட்டையாகிறது. காற்று மட்டும் சில வேளைகளில் பாறை மேட்டிலிருந்து சரிந்து வந்து அடிக்கும். வடக்கிலிருந்து வருவதை நாம் வாடை என்போம். ஆனால் குளிரோடு ஒட்டிப் பிறந்த அந்தச் சொல்லை, வெயில் காயும் ஜூலையில் வீசும் இந்தக் காற்றுக்குச் சூட்ட மனம் வரவில்லை.

சீனெஷ் துறையை விட்டுப் புறப்பட்டால், முனையைச் சுற்றி லாகோஸ் நகரை அடையும்வரை 75 கடல் மைல் அளவுக்கு முழு வசதியுள்ள படகுத் துறை ஒன்றுகூட இல்லை. சக்ரெஸ் அருகே பலெய்ரா விரிகுடாவில் நங்கூரம் போடலாம், அவ்வளவே. ஆனால் லாகோஸிலிருந்து ஸ்பெயின் எல்லையான குவாதியானா ஆறு வரையிலான அல்கார்வ் கரையில், அதைவிடக் குறைந்த தொலைவுக்குள், ஐந்து பெரிய மெரினாக்கள் இருக்கின்றன. மெரினா என்றதும் சென்னைவாசிக்கு மணற்பரப்பும் சுண்டல் கடையும் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல், அலைதடுப்புச் சுவருக்குள்ளே மிதவைத் தளங்கள் போட்டு, ஒவ்வொரு படகுக்கும் தண்ணீரும் மின்சாரமும் தந்து கட்டி வைக்கும் துறையைக் குறிக்கிறது. லாகோஸில் 462, போர்ட்டிமாவில் சுமார் 620, அல்புஃபெய்ராவில் 475, விலமோராவில் சுமார் 825, எல்லை நகரமான விலா ரியல் த சாந்தோ அந்தோனியோவில் சுமார் 360 என்று கூட்டினால் 2,700 நிறுத்திடங்களைத் தாண்டுகிறது. சிறிய துறைகள் இதில் சேரவில்லை.

இத்தனை இடம் இருந்தும், கடல்வழிப் பயணமாக வருபவர்களிடையே “அல்கார்வில் இடம் கிடைக்குமா?” என்ற கேள்வி ஓய்ந்தபாடில்லை. அதற்குக் காரணம் எண்ணிக்கைக் குறைவு அன்று, இந்தத் துறைகள் எதற்காக, எந்த இடத்தில் கட்டப்பட்டன என்பதே என்று காட்டுவது இவ்வாய்வின் நோக்கம். ஆய்வின் வசதிக்காக ஒரு படகைக் கற்பித்துக்கொள்வோம். நீளம் 12 மீட்டர், ஏரா எனப்படும் அடிக்கட்டை நீருக்குள் 2 மீட்டர் இறங்கும், படகில் இருவர், செப்டம்பர் மாதம் முனையைச் சுற்றி வருகிறார்கள். அவர்களுக்கு வேண்டியவை மூன்று: முதலில் சில நாட்கள் இளைப்பாற ஓர் இடம், அடுத்து, படகைத் தரையேற்றி அடியில் ஒட்டியிருக்கும் கொட்டலசைச் சுரண்டிப் பூச்சுப் பூச ஒரு பட்டறை, மூன்றாவதாக, கனேரித் தீவுகளுக்கோ மத்தியதரைக் கடலுக்கோ போவதற்கு முன் குளிர்காலத்தைக் கழிக்கக் கட்டுப்படியாகும் ஒரு மூலை.

வீடு விற்கக் கட்டிய துறை

முதலில் வந்தது விலமோரா. 1960களின் நடுவில், அர்த்தூர் குப்பெர்த்தினோ த மிராந்தா என்ற வங்கியாளரின் முன்முயற்சியில், லுசோத்தூர் என்ற நிறுவனம் குவார்த்தெய்ரா பண்ணையின் 1,600 ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலத்தை வாங்கி ஒரு விடுமுறை நகரத்தைத் திட்டமிட்டது. கோல்ஃப் மைதானம் 1969இல் வந்தது. கடலோரச் சதுப்பைத் தோண்டி அமைத்த மெரினா, சர்வாதிகாரம் வீழ்ந்த அதே 1974இல் திறக்கப்பட்டது; நாட்டின் முதல் மெரினா அதுதான். ஏற்கெனவே இருந்த மீன்பிடித் துறையை ஒட்டியோ, புயலில் படகுகள் ஒதுங்கி வந்த இயற்கைப் புகலிடத்திலோ அது அமையவில்லை. நிலம் எங்கே கையில் இருந்ததோ அங்கே நீர் தோண்டப்பட்டது. நீரைச் சுற்றி உணவகங்களும், அவற்றின் பின்னே விடுதிகளும் அடுக்குமாடிகளும் எழுந்தன. மாடத்தில் நிற்பவரின் கண்ணுக்குப் பாய்மரங்கள் தெரிய வேண்டும் என்பதே அதன் அடிப்படைக் கணக்கு. மெரினாவுக்கு எட்டும் தூரத்தில் செரோ த வில என்ற ரோமானியக் குடியிருப்பின் எச்சங்கள் இருக்கின்றன. அக்காலத்திலும் அங்கே ஒரு துறை இருந்திருக்கிறது. அவ்வளவில், இடத் தேர்வு முழுக்கத் தவறென்று சொல்வதற்கில்லை.

தவறு வேறிடத்தில் வெளிப்பட்டது. அல்கார்வ் கரையில் தென்மேற்கிலிருந்து வரும் அலைகளே மிகுதி என்பதால், மணல் ஓயாமல் மேற்கிலிருந்து கிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தின் குறுக்கே மெரினாவின் வாயிலைக் காக்கும் இரு கற்சுவர்கள் நீண்டன. அதை அடுத்துக் குவார்த்தெய்ரா நகரின் கடற்கரையைக் காக்க வரிசையாகக் கல் தடுப்புகள் போடப்பட்டன. மேற்கே மணல் தேங்கிற்று. கிழக்கே கரை பட்டினி கிடந்தது. ஃபோர்த்தே நோவோ என்ற இடத்தில் பழைய கோட்டை ஒன்று நின்றிருந்த மேடே கடலால் அரிக்கப்பட்டு, அதன் கற்கள் கடற்கரையில் சரிந்தன. அதற்கும் கிழக்கே வாலே தோ லோபோ என்ற செல்வந்தர் குடியிருப்பின் செம்மண் மேடுகள் பின்வாங்கப் பின்வாங்க, 1990களின் இறுதியிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட முறை கடலடியிலிருந்து மணல் உறிஞ்சிக் கரையில் கொட்ட வேண்டியதாயிற்று. ஒரு விடுமுறை நகரத்தின் துறை, பக்கத்து விடுமுறை நகரத்தின் நிலத்தைத் தின்ற கதை இது. சென்னைத் துறைமுகத்துக்கு வடக்கே காசிமேடு, எண்ணூர் கரைகள் கரைந்ததைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை எதுவும் இராது. அங்கே மணல் வடக்கே போகும், இங்கே கிழக்கே போகிறது, அவ்வளவுதான்.

அடுத்த அலை 1990களில் எழுந்தது. லாகோஸ் மெரினா 1994இலும், போர்ட்டிமாவ் மெரினா 2000த்திலும் திறக்கப்பட்டன. நிலத்தைக் குடைந்து அமைத்த அல்புஃபெய்ரா மெரினா சில ஆண்டுகளில் பின்தொடர்ந்தது. இவற்றுள் முதல் இரண்டும் ஆற்று வாய்களில் அமைந்ததால், கடலோடிகள் காலங்காலமாக ஒதுங்கிய இடங்களோடு தொடர்புள்ளவை. போர்ட்டிமாவின் அராத் ஆற்று முகத்தில் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்த இரு பெரும் அலைதடுப்புகளுக்குள் மெரினா இடம்பிடித்தது. பக்கத்துப் பிரையா த ரோஷா கடற்கரையின் அகலம் இயற்கையன்று. 1970 முதல் ஆற்றைத் தூர்வாரிய மணலைக் கொட்டி விரித்தது. சார்டின் மீனை டப்பாவில் அடைத்து உலகுக்கு அனுப்பிய ஊர், அந்தத் தொழில் ஓய்ந்தபின் உல்லாசப் படகுக்கு மாறியது. பழைய தொழிற்சாலை ஒன்று இன்று நகர அருங்காட்சியகம்.

அல்புஃபெய்ராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வண்ண வண்ணமாய்ப் பூசிய வீடுகளின் நடுவே அழகிய குளம்போல இருக்கிறது. ஊரிலிருந்து சற்று விலகியது. நெடும்பயணப் படகுகளைவிட, குகைகளையும் டால்பின்களையும் காட்ட அழைத்துச் செல்லும் சுற்றுலாப் படகுகளே அங்கே கண்ணில் படும்.

நீரை விற்க முடியாது

இந்தத் துறைகளின் பொருளியலைப் புரிந்துகொள்ள ஒரு சட்டத்தை அறிய வேண்டும். 1864 டிசம்பர் 31 அன்று வெளியான அரசாணையின் வழியே போர்ச்சுகலில் கடற்கரையும் அதை ஒட்டிய நிலமும் பொது உடைமையாயின. உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் மிக உயர்ந்து ஏறும் எல்லையிலிருந்து, 50 மீட்டர் அகலம் வரை இக்கோட்பாடு இன்றும் செல்லும். அந்த ஆணைக்கு முன்பே தம் உரிமை இருந்ததென்று நிறுவினால் ஒழிய, கரையைத் தனியார் சொந்தம் கொண்டாட முடியாது. ஆகவே மெரினா நடத்தும் நிறுவனத்துக்கு நீர்ப்பரப்பு சொந்தமில்லை. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அரசு தரும் குத்தகை உரிமைதான் இருக்கிறது. படகுக்காரர் பெறுவது அந்த உரிமைக்குள் அடங்கிய இன்னொரு சிறு உரிமை. சுற்றிலும் எழும் வீடுகளை மட்டும் பத்திரம் எழுதி விற்கலாம். முதலீட்டாளரின் நாட்டம் நீரைவிட நிலத்தின் மேல் இருப்பதில் வியப்பென்ன?

நிர்வாகமும் பிரிந்து கிடக்கிறது. 2014 முதல் ஃபாரோ, போர்ட்டிமாவ் வணிகத் துறைகள் சீனெஷ் துறைமுக நிர்வாகத்தோடு இணைக்கப்பட்டன. மீன்பிடித் துறைகளும் சிறு உல்லாசத் துறைகள் பலவும் மீன் ஏல நிறுவனமான டோக்காபெஸ்காவிடம் போயின. கிழக்கே ஃபாரோவை ஒட்டிய காயலும் தீவுகளும் இயற்கைப் பாதுகாப்புத் துறையின் கண்காணிப்பில் உள்ளன. நங்கூரமிட்ட படகை வந்து சோதிப்பது கடற்காவல். படகு கட்ட ஒரு மிதவையைக் கடலடியில் பொருத்த வேண்டுமென்றால் இத்தனை வாசல்களில் ஏறி இறங்க வேண்டும்.

லாகோஸில் ஒரு பிற்பகல்

நம் படகு லாகோஸை நெருங்குகிறது. பொன்னிறப் பாறைகள் தூண்தூணாக நிற்கும் பொந்த்தா த பியதாதே முனையை இடப்புறம் விட்டு, கல்லாலான சிறு கோட்டையின் அருகே இரு சுவர்களுக்கிடையே நுழைந்தால், பென்சாஃப்ரிம் ஓடையின் குறுகிய வாய்க்கால் நேராக நகரின் ஓரமாக மேலே செல்கிறது. படகு வானொலியின் 9ஆம் அலைவரிசையில் மெரினாவை அழைக்கிறார்கள். அக்கரையின் மெரினாக்கள் பொதுவாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அலைவரிசை அதுவே. வலப்புறம், பாலத்துக்குச் சற்று முன்னே, வரவேற்பு மிதவைத் தளம் இருக்கிறது. கயிறுகளைக் கட்டிவிட்டு, படகின் பதிவுச் சான்று, காப்பீடு, கடவுச்சீட்டு ஆகியவற்றோடு மேலே அலுவலகத்துக்கு ஏற வேண்டும். பெரிய ஓத நாட்களில் நீர்மட்டம் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும் கரை இது. தளத்தையும் கரையையும் இணைக்கும் சாய்பாலம் வற்றத்தில், அதாவது நீர் இறங்கியிருக்கும் வேளையில், ஏணிபோல நிமிர்ந்துவிடும். கை நிறைய அழுக்குத் துணியோடு அதில் ஏறியவர்களுக்கே அதன் அருமை தெரியும்.

படிவம் நிரப்பியபின், மிதவைத் தளத்தின் எழுத்தும் இடத்தின் எண்ணும் எழுதிய தாள் கைக்கு வருகிறது. ஆனால் உள்ளே போக, நகரையும் மெரினாவையும் இணைக்கும் நடைபாலம் தூக்கப்பட வேண்டும். ரயில் நிலையம் மெரினாப் பக்கம். பழைய நகரம் அக்கரை. எனவே பாலத்தில் எப்போதும் ஆள் நடமாட்டம் உண்டு. மணி ஒலித்துத் தடுப்பு இறங்கி, பெட்டி இழுத்துக்கொண்டு ரயிலுக்கு ஓடுபவர்கள் நின்று முனகிக்கொண்டிருக்கையில், படகு அவர்களின் காலடியை ஊடுருவி மெல்ல நழுவிச் செல்கிறது. அல்கார்வ் கரையின் பிற மெரினாக்களில் காண முடியாத காட்சி இது: நகரம் ஒரு படகுக்காகச் சில நிமிடங்கள் காத்து நிற்கிறது.

கடலோடிகள் லாகோஸை விரும்புவதற்குக் காரணங்கள் எளியவை. உள்ளே புகுந்துவிட்டால் எக்காற்றிலும் பாதுகாப்பு. நடக்கும் தூரத்தில் சந்தை. கையெட்டும் தொலைவில் படகைத் தூக்கும் டிராவல் லிஃப்ட் கொண்ட பட்டறையும் பாய் தைப்பவரும் இயந்திரப் பழுது பார்ப்பவரும். நாற்பது, ஐம்பது டன் எடையைப் பட்டைகளில் ஏந்தி நகர்த்தும் அந்த இயந்திரம் இல்லாத துறை, நெடும்பயணப் படகுக்குச் சத்திரமே தவிர வீடாகாது. குளிர்காலத்தில் பல நாட்டுக் கொடிகளோடு அங்கேயே தங்கி வாழ்பவர்கள் ஒரு சிறு தெருவைப்போல ஆகிவிடுகிறார்கள்.

குறையும் உண்டு. தெற்கு அல்லது தென்கிழக்கிலிருந்து பேரலை எழும்போது வாயிலில் அலை உடையும். அப்போது வெளியே இருப்பவர் வெளியேதான் இருக்க வேண்டும். ‘லெவாந்த்’ என்று இங்கே பெயர்பெற்ற கிழக்குக் காற்று, அதாவது நம் கொண்டல், ஜிப்ரால்டர் நீரிணையிலிருந்து பல நாட்கள் தொடர்ந்து வீசும்போது தெற்கு நோக்கித் திறந்த வாயில்கள் எல்லாவற்றுக்கும் இந்தச் சங்கடம் உண்டு. கரையோரம் நங்கூரமிட்டிருப்பவருக்கு இரவு முழுதும் தாலாட்டுதான்.

இந்த ஊரின் துறைக்கு நீண்ட, கறைபடிந்த வரலாறும் உண்டு. 1434இல் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பொஜாதோர் முனையைத் தாண்டிய ஜில் எயானெஷ் இவ்வூர்க்காரர் என்பது மரபு. 1444இல் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட இருநூற்றுக்கும் மேற்பட்டோர் இங்கே இறக்கிப் பங்கு பிரிக்கப்பட்டனர். 2009இல் நகர மதிலுக்கு வெளியே வாகன நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது, பழைய குப்பைமேட்டில் 150க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. படகு கட்ட வருபவருக்கு அலுவலகம் தரும் வரைபடத்தில் சந்தைக்கும் சலவைக் கடைக்கும் வழி இருக்கும். அந்த இடத்தை அவர் தாமே தேடித்தான் போக வேண்டும்.

462 என்பது 462 அன்று

இனி இடக் கணக்கு. ஒரு மெரினாவில் 462 நிறுத்திடங்கள் என்றால், வருகிறவருக்கு 462 வாய்ப்புகள் என்று பொருளாகாது. இடங்கள் நீளவாரியாகப் பிரிக்கப்பட்டவை. 12 மீட்டர் படகை 8 மீட்டர் இடத்தில் செருக முடியாது. பெரும்பகுதி ஆண்டு ஒப்பந்தக்காரர்களின் கையில் இருக்கும்; அவர்களின் படகுகளுள் பல, ஆண்டில் சில வார இறுதிகள் தவிர அசைவதில்லை. மற்றொரு பகுதியைச் சுற்றுலாப் படகுகள் எடுத்துக்கொள்கின்றன. பாறைக் குகைகளைக் காட்டும் தொழில் பெருகப் பெருக, காலையில் நான்கு முறை போய்வரும் அப்படகுகள் வாயிலுக்கு அருகிலுள்ள இடங்களைக் கேட்கின்றன, பணமும் தருகின்றன. மீதமிருப்பதே வழிப்போக்கருக்கு. ஜூலை, ஆகஸ்டில் அது மிகக் குறுகும். கட்டணமும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். குளிர்காலத்தில் மாதக் கணக்கில் முன்பணம் கட்டினால் நாள் விலை கணிசமாக இறங்குகிறது. செப்டம்பரில் வருகிற நம் படகு இந்த இரண்டு பருவங்களின் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது: கோடைக்காரர்கள் இன்னும் போகவில்லை; குளிர்காலத்துக்கு முன்பதிவு செய்தவர்கள் வரத் தொடங்கிவிட்டார்கள்.

விலைப் பட்டியலைப் படிப்பதும் ஒரு கலை. சில இடங்களில் மதிப்புக் கூட்டு வரி சேர்த்த விலை, சில இடங்களில் சேர்க்காத விலை. அந்த வரியோ 23 விழுக்காடு. நீளத்தை மட்டும் பார்ப்பவர்களும் உண்டு, அகலமும் பார்ப்பவர்களும் உண்டு. இரட்டை உடல் படகு என்றால் பல இடங்களில் ஒன்றரை மடங்கு. கட்டுமரம் என்ற நம் சொல்லே ‘கேட்டமரான்’ ஆகி அந்தப் பட்டியலில் தனிப் பத்தியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, சேர்த்துக் கட்டிய மரத் துண்டுகளில் கடலேறிய நம் மீனவருக்கு இந்தச் செய்தியைச் சொன்னால் என்ன சொல்வார் என்று தோன்றும்.

அரசியலும் கணக்கில் நுழைந்துவிட்டது. அல்கார்வில் குளிர்காலம் கழிப்பவருள் ஆங்கிலேயர் எப்போதும் மிகுதி. 2021 தொடக்கத்திலிருந்து அவர்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அயலார். உள்ளெல்லைச் சோதனையற்ற ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் எல்லைக்குள் எந்த 180 நாட்களிலும் 90 நாட்களே இருக்கலாம். படகுக்கு மட்டும் வரியின்றி 18 மாதம் தங்க அனுமதி உண்டு. விளைவு வேடிக்கையானது: உரிமையாளர் விமானமேறிப் போய்விடுகிறார், படகு ஆளில்லாமல் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. நீரில் கிடப்பதைவிடத் தரையேற்றி முட்டுக்கொடுத்து நிறுத்துவது பாதுகாப்பு என்பதால் பட்டறை முற்றங்களின் தேவை கூடிவிட்டது. 2023 அக்டோபரில் குடிவரவுத் துறை கலைக்கப்பட்டுக் கடல் எல்லைப் பணி தேசியக் காவற்படையிடம் போனது. எல்லைப் பதிவுக்கு எந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைப் பழைய கையேடுகளை நம்பாமல் அந்தந்த மெரினாவிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முற்றங்களுக்கான தேவையை ஓர்க்கா திமிங்கிலங்களும் கூட்டின. 2020 கோடையிலிருந்து ஐபீரியக் கரையோரம் இவை பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி உடைக்கின்றன. 2022 முதல் சில படகுகள் மூழ்கியும் போயின. ஐம்பதுக்கும் குறைவான, அழிவின் விளிம்பில் உள்ள கூட்டம் இது. நீலத்துடுப்புச் சூரை மீனைத் தொடர்ந்து வரும் அவற்றைத் தவிர்க்க, ஆழம் 20 மீட்டருக்கு மிகாத கரையோரமாகச் செல்லுமாறு கடலோடிகள் தமக்குள் சொல்லிக்கொள்கிறார்கள். கரையோரமாகப் போவது என்றால், வேண்டும்போது ஒதுங்கிக்கொள்ள இடைவெளி குறைந்த துறைகள் தேவை. சுக்கான் உடைந்து இழுத்துவரப்படும் படகை உடனே தூக்க ஒரு பட்டறையும் தேவை.

கிழக்கே, காயலுக்குள்

ஃபாரோவை நெருங்கினால் நிலம் வேறு. பாறைகள் முடிந்து, கரைக்கு இணையாகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல் தீவுகளும் அவற்றின் பின்னே ரியா ஃபொர்மோசா என்ற காயலும் விரிகின்றன. 1987 முதல் இது இயற்கைப் பூங்கா. பரப்பு சுமார் 18,400 ஹெக்டேர். போர்ச்சுகலில் விளையும் மட்டியில் மிகப்பெரும் பங்கு இங்கிருந்துதான் வருகிறது. வற்றத்தில் வெளிப்படும் சேற்றுப் பாத்திகள் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் வயல். குச்சி நட்டு எல்லை போட்டிருப்பார்கள். 2000களின் தொடக்கத்தில் இக்காயலின் கடல்குதிரைகள் உலகில் அறியப்பட்ட மிக அடர்ந்த கூட்டங்களுள் ஒன்று. பிறகு அவை பெருமளவு குறைந்தன. களவு மீன்பிடிப்பும் கடற்புல் அழிவும் காரணங்கள்; கடற்புல்லைப் பிடுங்குபவற்றுள் நங்கூரச் சங்கிலியும் ஒன்று.

இங்கே மெரினா கட்டுவது எளிதன்று. தவிரா நகரின் முகத்துவாரத்தில் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஃபாரோவின் உட்துறைக்குப் போக வேண்டுமானால் தாழ்ந்த ரயில் பாலத்தின் அடியில் நுழைய வேண்டும். பாய்மரமுள்ள எதற்கும் அது மூடிய கதவு. எந்நேரமும் ஆழமுள்ள ஒரே வாசல், கற்சுவர் கட்டி 1929 முதல் 1955 வரை உருவாக்கிய ஃபாரோ–ஓல்யாவ் முகத்துவாரம். அதிலும் வற்ற ஓட்டம் கடலை நோக்கிப் பாயும்போது எதிர்க்காற்று அடித்தால் நீர் நின்ற இடத்தில் எழும்பிக் குதிக்கும். ஏற்றத்தோடு நுழைவதே முறை.

நுழைந்து வலப்புறம் திரும்பினால் குலாத்ரா தீவு. கார் கிடையாது, மீனவக் குடும்பங்கள், ஒரு பள்ளி, ஒரு தேவாலயம், ஓல்யாவிலிருந்து வரும் பயணப் படகு, 1851இல் ஏற்றிய சாந்தா மரியா கலங்கரை விளக்கம். அதன் முன்னே உள்ள நீர்ப்பரப்பில்தான் கோடையில் பாய்மரங்கள் காடாக நிற்கின்றன. கட்டணம் இல்லை, மணலும் சேறும் கலந்த தரையில் நங்கூரம் நன்றாகப் பிடிக்கும். காலையில் சிறுபடகில் போய் ரொட்டி வாங்கி வரலாம். அல்கார்வ் கரையில் கடலோடிகள் தாமாக விரும்பிச் சேரும் இடம் எது என்று கேட்டால், எவரும் கட்டாத இந்தத் துறையைத்தான் காட்ட வேண்டும்.

எதிரேயுள்ள ஓல்யாவ், 1808இல் பிரெஞ்சுப் படையை விரட்டிய செய்தியைச் சொல்ல ஒரு சிறு கலத்தில் பிரேசில் வரை கடல் கடந்த மீனவர்களின் ஊர். அங்கே மிதவைத் தளங்கள் இருக்கின்றன. ஆனால் உள்ளூர்ப் படகுகள் நிறைந்த துறை அது. வழிப்போக்கர் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்றே போவார்.

மேலும் கிழக்கே, 1774இல் அன்றைய முதன்மை அமைச்சர் பொம்பால் பிரபு சதுரம் சதுரமாகக் கட்டிய விலா ரியல் நகரின் மெரினா குவாதியானா ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. ஆற்றோட்டம் தளங்களுக்கிடையே இழுக்கும் என்பதால், ஓதம் நிற்கும் வேளை பார்த்து உள்ளே வர வேண்டும். 1991இல் திறந்த தொங்குகம்பிப் பாலத்தின் அடியில் பாய்மரம் நுழையுமானால், சுமார் 20 கடல் மைல் மேலே அல்கூத்திம் வரை போகலாம். எதிர்க்கரையில் ஸ்பெயினின் சன்லூக்கார். சிக்கனமாகக் குளிர்காலம் கழிக்க நினைப்பவர் பலர் நங்கூரமிடுவது இங்கேதான். பெருமழைக்குப் பின் நாணற்கட்டைகளும் மரங்களும் ஓட்டத்தில் வந்து சங்கிலியில் சிக்கும். விழித்திருந்து தள்ளிவிட வேண்டும்.

மதிப்பீடு

மேற்கே நிறுத்திடங்கள் குவிந்திருக்கின்றன. கிழக்கே படகுகள் குவிகின்றன. இதைக் கண்டு காயலுக்குள் இன்னொரு விலமோராவைத் தோண்டலாம் என்று வாதிடுவோர் உண்டு. மட்டி வயல்களையும் கடற்புல்லையும் நகரும் மணலையும் பார்த்தபின் அந்த வாதத்தை ஏற்க இயலவில்லை. ஃபோர்த்தே நோவோவின் சரிந்த கற்கள் போதிய சாட்சி. அதே சமயம், பூங்கா என்பதால் எதுவுமே செய்யாமல் விடுவதும் பாதுகாப்பாகிவிடாது. நூறு படகுகள் நூறு நங்கூரங்களைத் தரையில் இழுப்பதைவிட, கடற்புல் இல்லாத இடங்களில் ஆழப் பதித்த திருகாணிகளில் மிதவைகளைப் பொருத்தி, மிதமான கட்டணத்துக்கு விடுவது தரைக்கும் நல்லது, படகுக்கும் நல்லது. வசூலாகும் தொகையில் கழிவுநீர் உறிஞ்சும் படகு ஒன்றை ஓட்டலாம். மட்டி வளர்ப்பவருக்கு நுண்ணுயிர் அளவு கூடி அறுவடை தடைப்படும் நாளே பட்டினி நாள். தீவின் மீனவர்களே இதை நடத்துவது பொருத்தம்: யாருடைய சங்கிலி இழுபடுகிறது என்பதை அவர்களைவிட முன்னதாக அறிபவர் இல்லை.

மேற்கே தேவைப்படுவது புது மெரினா அன்று. இருக்கும் மெரினாக்களில் வழிப்போக்கருக்கென்று ஆண்டு முழுதும் ஒதுக்கிய சில இடங்களும், அதிகமான பட்டறை முற்றமும். குத்தகை புதுப்பிக்கும் வேளையில் அரசு இதை ஒரு நிபந்தனையாக எழுத முடியும். நீர் அரசுடையது என்பதால் அதற்கு அந்த அதிகாரம் இருக்கிறது. பெரிய ஆடம்பரப் படகுகளுக்கு இடத்தை விரிப்பதிலேயே நாட்டம் போய்க்கொண்டிருக்கும் நிலையில், குத்தகைதாரர் இதைத் தாமாகச் செய்வார் என்று எதிர்பார்ப்பது வீண்.

நம் கற்பனைப் படகு இப்போது நவம்பரில் குலாத்ராவின் முன் நிற்கிறது. வானிலை அறிக்கை இரண்டு நாளில் தென்கிழக்குப் புயல்காற்று என்கிறது. ஓல்யாவில் இடமில்லை. விலமோரா மேற்கே சுமார் 16 கடல் மைல். போய்ச் சேரும்போது அலை முந்திக்கொண்டால் அதன் தெற்கு நோக்கிய வாயிலில் நுழைவது ஆபத்து. குவாதியானா கிழக்கே, அதைவிடத் தொலைவு. இருவரும் சங்கிலியை இன்னும் 20 மீட்டர் இறக்குகிறார்கள், இரண்டாவது நங்கூரத்தை மேல்தளத்தில் எடுத்து வைக்கிறார்கள், பின்னால் நிற்கும் படகுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் படகில் ஆளில்லை. உரிமையாளரின் 90 நாள் முடிந்துவிட்டது.